இரட்டைக் கண்ணாடிக்குள் படியும் புகார்

இலண்டன் மாநகரின் வடமேற்குப் புறத்தே குடியிருக்கும் என் தமக்கையாரின் வீட்டில், ஒரு மார்கழி விடுமுறையின்போது சில கிழமைகள் தங்கியிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. காலைதோறும் அவர் செய்யும் முதல் வேலை யன்னலைத் துடைப்பதாகும். முன்கூடத்து யன்னலருகே அவருக்கென ஒரு நாற்காலி உண்டு. முழங்கால் வருத்தமுடைய அவர் நாளின் பெரும்பகுதியை அந்நாற்காலியிலேதான் கழிக்கின்றார். ஆனால், அங்கிருந்து பார்த்தால் தெருத் தெரிவதில்லை. அரிசி கழுவிய நீர்போல ஒரு வெண்புகார் கண்ணாடியின் நடுவே படிந்து நின்றது. அவர் உட்புறத்தைத் துணியால் துடைப்பார், புகார் அகலாது. மருமகன் வெளியே சென்று துடைப்பான், அப்பொழுதும் அகலாது.

"தம்பி, துடைக்கத் துடைக்க நிக்குது. என்ரை கண்ணிலைதான் பிழையோ எண்டும் யோசிச்சன்" என்றார் ஒருநாள்.

வீட்டாரின் தீர்ப்போ கண்ணின்மேல் விழவில்லை; புட்டின்மேல் விழுந்தது. இடியப்பமும் புட்டும் அவிக்கும் ஆவிதான் யன்னலிற் சென்று படிகின்றதென்று மருமகன் ஒருமுறை விளையாட்டாகச் சொல்லியிருக்கின்றான். அதன் பின்னர் நீத்துப்பெட்டி அலுமாரியின் மேற்றட்டுக்குப் போய்விட்டது. காலை உணவு பாணாயிற்று. இதனைத் தமக்கையார் என்னிடம் முறைப்பாடாகச் சொல்லவில்லை. நீத்துப்பெட்டியைத் தேடிய நானே கேட்டறிந்து கொண்டேன்.

இதற்கிடையில் யன்னல் வணிகர் ஒருவரும் வந்து போயிருந்தார். யன்னல்கள் எல்லாம் தம் காலம் முடிந்துவிட்டன, ஏழையும் சட்டத்தோடு பெயர்த்து மாற்றுவதே வழி, காசை மாதந்தோறும் கட்டலாம் என்று சொல்லி, ஒப்பந்தத் தாளொன்றை மேசைமேல் வைத்துச் சென்றார். அது ஒப்பமிடப்படாமற் கிடந்தது. புகார் படிந்த யன்னல் ஒன்றே. ஏழையும் ஏன் மாற்றவேண்டும்? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது நானறிந்தவற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல எண்ணுகின்றேன். நமது நாட்டில் இவ்வகை யன்னலைக் காண்பது அரிது. எனினும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் நம்மவர் குடியிருக்கும் வீடுகளில் இதுவே வழக்கமான யன்னல். ஆதலின், இது நம் உறவினரின் வீட்டுச் செய்தி.

முதலிற் புகார் என்பது யாதென்று பார்ப்போம். காற்றிலே கண்ணுக்குப் புலப்படாத நீராவி எப்பொழுதும் உண்டு. சூடான காற்றுக் கூடிய நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்றுக் குறைந்த அளவையே தாங்கும். 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் 1 கன மீற்றர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 பாகையில் அதே அளவு காற்றுத் தாங்குவது 5 கிராமுக்குச் சற்றுக் குறைவே. நீராவி கொண்ட காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால், ஒரு நிலையில் அது தாங்கமாட்டாது நீரைக் கைவிடும். அந்த நிலையைப் பனிபடுநிலை என்பர். குளிர்ந்த நீர் நிறைந்த செம்பு வியர்ப்பதும், சூடான தேநீரைக் குனிந்து அருந்தும்போது மூக்குக்கண்ணாடி மங்குவதும் இதனாலேயே. கொழும்பிற் குளிரூட்டிய அறைகளின் யன்னற் கண்ணாடிகள் வெளிப்புறத்தே நனைந்து நிற்பதும் இதே காரணத்தால் ஆம். செம்பு வியர்க்கும்போது அந்நீர் செம்பினுள்ளிருந்து கசிந்ததன்று, சூழவுள்ள காற்றிலிருந்து வந்ததென்பதை ஆரம்ப வகுப்பு மாணவர்க்கு நாம் படிப்பிக்கின்றோம். ஆயினும் வீட்டில் யன்னல் வியர்த்தால் அப்பாடம் நமக்கு நினைவுக்கு வருவதில்லை.

குளிர்நாட்டு வீட்டில் வெளியே 0 பாகையும் உள்ளே 20 பாகையும் நிலவும் ஓர் இரவை எண்ணிப்பாருங்கள். ஒற்றைக் கண்ணாடியாயின் அதன் உட்புற முகம் ஏறக்குறைய 5 பாகைக்கு இறங்கிவிடும். தாங்கக்கூடிய நீராவியிற் பாதியளவே கொண்ட அறைக் காற்றின் பனிபடுநிலையோ 9 பாகையளவில் உள்ளது. எனவே நீர் படியும். வழிந்து யன்னலடியின் மரத்தை உளுக்கச் செய்யும். வெப்பமும் அவ்வழியே ஓடிவிடும். இதனைத் தடுத்தற்கு எழுந்ததே இரட்டைக் கண்ணாடி. இரு தகடுகளை இடைவெளியிட்டு ஒட்டி, இடையிற் காற்றை அடைத்துவைக்கும் முறைக்கு நியூயோர்க்கைச் சேர்ந்த தோமஸ் ஸ்ரெற்சன் என்பவர் 1865 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். எனினும் அது தொழிற்சாலைப் பொருளாக வெளிவருதற்கு இருபதாம் நூற்றாண்டின் முப்பதுகள் வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. 1973 இல் எண்ணெய் விலை திடீரென உயர்ந்த பின்னரே இங்கிலாந்தின் சாதாரண வீடுகளில் இது விரைந்து பரவலாயிற்று.

இதன் அமைப்பு எளிதெனத் தோன்றும், உண்மையில் நுட்பமானது. இரு தகடுகளுக்கும் நடுவே, விளிம்பைச் சுற்றி ஓர் உட்குழலான சட்டகம் உண்டு. பெரும்பாலும் அது அலுமினியத்தால் ஆனது. இக்காலத்தில் வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும் பிளாஸ்டிக் வகைகளும் வந்துள்ளன. அக்குழலினுள்ளே கடுகு போன்ற சிறுமணிகளை நிரப்பியிருப்பர். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள்ளும் மருந்துப் போத்தலுக்குள்ளும் ஒரு சிறு பொட்டலம் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஈரத்தை உறிஞ்சும் அம்மணிகளின் இனமே இவை. குழலின் உட்பக்கத்திலுள்ள நுண்டுளைகள் வழியே இடைவெளியிலுள்ள நீராவியை இவை ஈர்த்து வைத்துக்கொள்ளும். குழலுக்கும் கண்ணாடிக்கும் இடையே நீராவி புகாத ஒரு கரும்பசை. அதற்கு வெளியே தகடுகளைப் பிணைத்து நிற்கும் இறுகிய இரண்டாம் பசை. ஆக, இரு மதில்களும் ஒரு காவலனும் உள்ள கோட்டை எனலாம்.

இடைவெளியில் வெறுங்காற்றுக்குப் பதிலாக ஆகன் என்னும் வாயுவை நிரப்புதலும் உண்டு. 1894 இல் றேலி பிரபுவும் வில்லியம் றம்சேயும் கண்டறிந்த இவ்வாயு, நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஒரு பங்களவு உள்ளது. எதனோடும் கூடாது வாளா இருப்பதால், கிரேக்க மொழியிற் சோம்பேறி என்று பொருள்படும் பெயரை அதற்கிட்டனர். என் போன்ற ஆசிரியர்க்குச் சோம்பேறி எப்பொழுதும் வேண்டாதவன். இங்கோ அவனே வேண்டியவன். வெப்பத்தைக் கடத்துவதிலும் அவன் சோம்பேறிதான். காற்றுக் கடத்துவதில் மூன்றிலிரண்டு பங்கையே கடத்துகின்றான். அதனோடு, ஒரு தகட்டின் முகத்திற் கண்ணுக்குப் புலப்படாத உலோகப் பூச்சொன்றைப் பூசுவர். அது அறையின் வெப்பக் கதிரை அறைக்குள்ளேயே திருப்பிவிடும். 1 சதுர மீற்றர் பரப்பினூடாக, உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டில் ஒவ்வொரு பாகைக்கும், ஒற்றைக் கண்ணாடி ஏறக்குறைய 5.7 உவாற்று வெப்பத்தை விட்டுவிடும். பூச்சற்ற பழைய இரட்டைக் கண்ணாடி 2.8 உவாற்று அளவை விடும். பூச்சும் ஆகனும் உடையது 1.2 உவாற்று அளவையே விடும்.

இனி, யன்னலில் மூவகைப் புகார் உண்டென்பதை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அறைப்பக்கத்து முகத்திற் படிவது ஒன்று. அது சமைத்தலாலும் குளித்தலாலும், மாரிகாலத்தில் ஈரத்துணியை வீட்டினுள்ளே உலர்த்துவதாலும் வருவது. யன்னலைச் சற்றே திறந்துவைத்தால் நீங்கும். வெளிமுகத்திற் படிவது இரண்டாவது. முகிலற்ற இரவில் வெளித்தகடு தன் வெப்பத்தை வானை நோக்கி வீசிக் குளிர்ந்துவிடுவதால், புல்நுனியிற் பனி படிவதுபோல அதிலும் படியும். இது யன்னலின் குற்றமன்று. அறை வெப்பம் வெளித்தகட்டை வந்து சேராதபடி யன்னல் நன்கு தடுக்கின்றது என்பதற்கு அடையாளம். புது யன்னல் போட்ட சிலர் இதைக்கண்டு ஏமாந்துவிட்டோமென்று சண்டைக்குப் போவதுண்டாம். வெயில் ஏறியதும் அது போய்விடும். மூன்றாவதே இரு தகடுகளுக்கும் நடுவிற் படிவது. உள்ளே துடைத்தும் போகாது, வெளியே துடைத்தும் போகாது நிற்குமாயின், புகார் நடுவிலேதான் உள்ளது. இதனை அறிதற்கு ஒரு துணித்துண்டைத் தவிர வேறொரு கருவியும் வேண்டியதில்லை.

தமக்கையார் மாதக்கணக்காகத் துடைத்துப் பார்த்தது, தாம் அறியாமலே செய்த பரிசோதனையே. புட்டின் ஆவி அடைத்து ஒட்டிய கோட்டைக்குள் எவ்வாறு புகும்? அடுக்களை அவ்வீட்டின் பின்புறத்திலிருக்க, முன்கூடத்தில் ஒரேயொரு யன்னல் மட்டும் நடுவே மங்கி நிற்பதற்குப் புட்டின்மேற் பழி சொல்வது பொருந்துமா? அன்றிரவே இதை மருமகனிடம் சொன்னேன். அவன் சிறிதுநேரம் பேசாமலிருந்தான். பின்னர், "அம்மா அதுக்காகவே அவிக்கிறதை விட்டவ?" என்று என்னைக் கேட்டான்.

கோட்டை எவ்வாறு உடைகின்றது? பகலில் வெயில் படும்போது உள்ளே அடைபட்ட வாயு விரியும்; இரவிற் சுருங்கும். அதனோடு கண்ணாடித் தகடுகளும் கண்ணுக்குத் தெரியாத அளவில் உப்பியும் ஒடுங்கியும் வரும். இவ்வாறு நாள்தோறும் மூச்சுவிடும் கண்ணாடியின் விளிம்புப் பசை ஆண்டுகள் செல்லச் செல்ல இளைத்துப்போகும். சிறு வெடிப்பு உண்டானதும், ஒவ்வொரு சுருக்கத்தின்போதும் ஈரக்காற்றுச் சிறிது உள்ளே இழுபடும். மணிகள் சிலகாலம் அதனை உறிஞ்சித் தாங்கும். அவையும் நிறைவெய்தியபின் புகார் வெளிப்படும். ஆகவே, புகார் தோன்றிய நாளிலன்று, அதற்கு நெடுநாள் முன்பே கண்ணாடி பழுதாகிவிட்டது. அவ்வாறே நீண்டகாலம் விட்டுவைத்தால், நீர் கண்ணாடியின் உள்முகத்தை அரித்து, நீங்காத வெண்படலத்தை உண்டாக்கும்.

முதுமையாற் கெடுவது இயல்பு. ஆனால், காலத்துக்கு முந்தியே கெடுவதற்குப் பெருங்காரணம் ஒன்று உண்டு: தேங்கிய நீர். மழைநீர் சிறிதளவேனும் சட்டத்தினுட் புகுந்தே தீரும். அதனை வெளியேற்றுதற்காகச் சட்டத்தின் அடிப்பகுதியிற் சிறு துளைகள் உள்ளன. அவை தூசியாலும் பூச்சிகளாலும் அடைபட்டால், கண்ணாடியின் அடிவிளிம்பு நாட்கணக்காக நீரில் ஊறும். எந்தப் பசையும் அதனைத் தாங்காது. மரச்சட்டங்களில் இன்னொரு தவறு நேர்வதுண்டு. ஒற்றைக் கண்ணாடிக்கு வழக்கமாகப் பூசும் ஆளிவிதை எண்ணெய்ப் புட்டியைப் பழைய பழக்கத்தால் இதற்கும் பூசிவிடுவர். அந்த எண்ணெய் விளிம்புப் பசையைக் கெடுத்துவிடும்.

இப்பொழுது வணிகரின் ஒப்பந்தத் தாளுக்கு வருவோம். பழுதானது விளிம்புப் பசை. அது கண்ணாடி இணையோடு சேர்ந்தது, சட்டத்தோடு சேர்ந்ததன்று. சட்டம் வளையாமலும் உளுக்காமலும், யன்னல் இறுகப் பூட்டக்கூடியதாகவும் இருந்தால், கண்ணாடி இணையை மட்டும் மாற்றுவது போதும். சட்டத்தோடு யன்னலைப் பெயர்த்து மாற்றுவதோடு ஒப்பிடுகையில் இதற்காகும் செலவு சிறுபகுதியே. கண்ணாடியிற் சிறுதுளையிட்டு உள்ளே உலர்த்தித் தரும் முறையும் உண்டு. புகார் மறையலாம், ஆனால் போன ஆகன் திரும்பாது, அடைப்பு முன்போலாகாது. அதனை நான் விரும்பவில்லை. மாற்றுமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுதல் நலம். இரு தகடுகளுக்கும் இடையிலுள்ள சட்டகத்திற் பலவேளைகளில் உற்பத்தித் திகதி பொறித்திருக்கும். உத்தரவாதக் காலம் முடியவில்லையாயின், யன்னலைப் போட்டவரே மாற்றித்தரக் கடமைப்பட்டவர். வாடகை வீடாயின் வீட்டுக்காரரைக் கேளாமற் கைவைத்தல் ஆகாது.

மருமகன் கைவேலை தெரிந்தவன். யன்னலும் நிலத்தளத்தது. கண்ணாடியைப் பிடித்து நிற்கும் ஓரப்பட்டிகள் அறைப்பக்கத்திலேயே இருந்தன. இம்மூன்றும் பொருந்தியமையால் நாமே செய்யலாமெனத் துணிந்தோம். மேன்மாடத்து யன்னலாகவும், பட்டிகள் வெளிப்புறத்தனவாகவும் இருந்திருந்தால் நான் இதற்கு உடன்பட்டிரேன். ஏணியில் நின்று கண்ணாடி தூக்குவது வீட்டாருக்குரிய வேலையன்று.

பாரத்தைக் கணக்கிடும் வழி எளிது. 1 மில்லிமீற்றர் தடிப்பும் 1 சதுர மீற்றர் பரப்பும் கொண்ட கண்ணாடி 2.5 கிலோகிராம் நிறையுடையது. எமது யன்னற் கண்ணாடி 820 மில்லிமீற்றர் அகலமும் 1140 மில்லிமீற்றர் உயரமும் உடையது. 4 மில்லிமீற்றர்த் தகடுகள் இரண்டு. ஆக, நிறை ஏறக்குறைய 19 கிலோகிராம். இருவர் தூக்கவேண்டிய பாரம்.

அளவெடுக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். அங்கேதான் பிழையும் நேர்ந்தது. பட்டிகளை முழுவதும் கழற்ற அஞ்சி, பக்கத்துக்கொன்றாக நெகிழ்த்தி, சட்டத்தின் உட்குழியைச் சுவருக்குச் சுவராக அளந்தேன். 830, 1150 என வந்தது. அதையே எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி, குழியை நிறைத்துக்கொண்டு இருக்கக்கூடாது. நாற்புறமும் 5 மில்லிமீற்றர் அளவு வெளி வேண்டும். அவ்வெளியிலேதான் தாங்கு கட்டைகள் இருக்கும், நீரும் வடியும். பிளாஸ்டிக் சட்டம் வெப்பத்தில் விரிந்து சுருங்குவதற்கும் அது இடங்கொடுக்கும். வந்த கண்ணாடி குழிக்குள் இறங்க மறுத்தது. இரட்டைக் கண்ணாடியைச் சீவிக் குறைக்க எந்தக் கைவினைஞனாலும் இயலாது. அந்தக் காசு போயிற்று. பட்டிகளைக் கழற்றிக் கண்ணாடி இணையையே அளந்து, பட்டிகளைத் திரும்பப் பொருத்திவிட்டுக் கட்டளை கொடுப்பதே சரியான முறை. ஒவ்வொரு பக்கத்தையும் ஈரிடங்களில் அளக்கவேண்டும். அகலத்தை முதலிலும் உயரத்தைப் பின்னரும் எழுதுவது இங்கிலாந்தின் வழக்கம். மாறி எழுதினால் பூவேலைப்பாடுள்ள கண்ணாடி பக்கவாட்டிற் படுத்துக்கொண்டு வரும். முழுத் தடிப்பையும் குறிக்கவேண்டும். எமது 28 மில்லிமீற்றர். பழைய யன்னல்களில் 24, 20 எனவும் இருப்பதுண்டு. தடிப்பு மாறினாற் பட்டி பொருந்தாது.

என் பிழையால் ஒரு நன்மையும் விளைந்தது. இரண்டாம் முறை நேரே கண்ணாடிக் கடைக்குச் சென்றபோது, கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டார்: கண்ணாடியின் அடிவிளிம்பு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம்? எமது யன்னல் நிலத்திலிருந்து 600 மில்லிமீற்றர் உயரத்தில் தொடங்குவது. நிலத்திலிருந்து 800 மில்லிமீற்றருக்குட் கண்ணாடி வருமாயின் அது காப்புக் கண்ணாடியாக இருத்தல் வேண்டுமென்பது இங்கிலாந்தின் கட்டிட விதி. கதவிலும், கதவின் விளிம்பிலிருந்து 300 மில்லிமீற்றருக்குள் உள்ள பக்கத் தகடுகளிலும் 1500 மில்லிமீற்றர் உயரம் வரை இவ்விதி செல்லும். காப்புக் கண்ணாடி இருவகை: உடைந்தாற் கூர்மையற்ற சிறுதுண்டுகளாக உதிர்வது ஒன்று, உடைந்தும் நடுப்படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பது மற்றொன்று. முதலில் வந்த கண்ணாடி சாதாரணமானது. அது பொருந்தியிருந்தால் அப்படியே பூட்டியிருப்போம். மருமகனின் இளைய மகளுக்கு மூன்று வயது; அந்த யன்னலடியிலேதான் அவள் ஓடி விளையாடுவாள். கடையிலிருந்து திரும்பும்போது நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை.

பூட்டுவதற்குப் பனி உறையாத ஒரு நாளைத் தெரிந்தோம். கடுங்குளிரிற் பிளாஸ்டிக் பட்டிகள் நொறுங்கக்கூடியன. தடித்த கையுறை, கண்காப்பு, நீண்ட கைச்சட்டை, சப்பாத்து ஆகியவற்றை அணிந்து, பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டுத் தொடங்கினோம். பட்டிகள் ஒவ்வொன்றிலும் அதற்குரிய பக்கத்தைப் பென்சிலாற் குறித்தோம். மிக நீண்ட பட்டியிலிருந்தே தொடங்கவேண்டும். அதுவும் அதன் நடுவிலிருந்து. அகன்ற மழுங்கிய தகட்டுக் கத்தியைப் பட்டிக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள கோட்டில் வைத்துக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டித் திருகினால், பட்டி வில்லாக வளைந்து வெளிவரும். கத்தியைக் கண்ணாடியின் பக்கம் சாய்த்து நெம்பக்கூடாது. இரு நிலைப்பட்டிகளும் போனபின் அடிப்பட்டி, கடைசியாக மேற்பட்டி. மேற்பட்டியைக் கழற்றும்போது ஒருவர் கண்ணாடியைக் கையால் தாங்கி நிற்றல் அவசியம். அதுவரை அதனைப் பிடித்து நிறுத்துவது அப்பட்டி ஒன்றே.

பழைய கண்ணாடி வெளிவந்ததும் காரணம் கண்கூடாயிற்று. சட்டத்தின் அடியிற் கரிய சேறு. வடிதுளைகள் இரண்டும் அடைபட்டிருந்தன. கண்ணாடியின் அடிவிளிம்புப் பசை ஊறி, விரல் பட்டதும் பிரிந்தது. மருமகன் தமக்கையாரை அழைத்து அதனைக் காட்டினான். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு ஊத்தையோ உள்ளுக்கை" என்று மட்டும் சொன்னார்.

சேற்றைத் துடைத்துத் துளைகளை மென்மரக் குச்சியாற் சீராக்கி, ஒரு குவளை நீரை ஊற்றிப் பார்த்தோம். நீர் வெளிப்புறமாக வழிந்தோடிற்று. புதுக் கண்ணாடியை வெறும் நிலத்தில் மூலையூன்றி வைத்தல் ஆகாது. துணி சுற்றிய இரு மரத்துண்டுகளின்மேல் நிறுத்தவேண்டும். எப்பக்கம் அறையை நோக்கவேண்டும் என்பதை ஒட்டுச்சீட்டே பெரும்பாலும் சொல்லும். சீட்டு இல்லையெனின் மெழுகுதிரிச் சுடரொன்றைக் கண்ணாடியின் முன் பிடித்துப் பாருங்கள். இரு தகடுகளுக்கு நான்கு முகங்கள். ஆதலின் நான்கு சுடர்கள் தெரியும். அவற்றுள் ஒன்று நிறம் வேறுபட்டிருக்கும். அதுவே உலோகப் பூச்சுள்ள முகம். வெளியிலிருந்து எண்ணும்போது அது மூன்றாவதாக வரும்படி கண்ணாடியை நிறுத்துவது அந்நாட்டின் வழக்கம். மருமகனின் மூத்த மகன் இச்சுடர்களை எண்ணிச் சொன்னான். அன்றைய வேலையில் அவனுக்கு மிகவும் பிடித்த பகுதி அதுவே.

தாங்கு கட்டைகள் பற்றி ஒரு சொல். திறவாத யன்னலாயின் அடியில் மூலைக்குச் சற்று உள்ளே இரண்டு பிளாஸ்டிக் கட்டைகள் போதும். திறக்கும் யன்னலாயின் அவை இருக்கவேண்டிய இடம் வேறு. நமது ஊர்ப் படலைக்குக் குறுக்குச்சலாகை அடிப்பது ஏன்? பாரம் பிணைச்சலின் அடிமூலைக்குச் சேரவும், மறுமுனை தொய்யாதிருக்கவுமே. கண்ணாடியும் அந்தக் குறுக்குச்சலாகையின் வேலையைச் செய்கின்றது. பிணைச்சல் உள்ள பக்கத்தின் அடிமூலையில் ஒரு கட்டை, கைபிடி உள்ள பக்கத்தின் மேன்மூலையில் ஒரு கட்டை என எதிர்மூலைகளில் இறுக்கினால் யன்னல் தொய்யாது. கட்டைகள் வடிதுளைகளை மறைத்தல் கூடாது. பின்னர் பட்டிகளை எதிர்முறையிற் பூட்டவேண்டும்: முதலிற் குறுகிய மேற்பட்டியும் அடிப்பட்டியும், பின்னர் நீண்ட நிலைப்பட்டிகள். நிலைப்பட்டியின் இரு நுனிகளையும் மூலைகளிற் பொருத்தி, வளைந்து நிற்கும் நடுப்பகுதியைக் கொட்டாப்புளியால் தட்டினால் அது சட்டென்று உட்சென்று அமரும்.

முற்பகலில் தொடங்கிய வேலை மதிய உணவுக்குமுன் முடிந்தது. பழைய கண்ணாடியைப் போத்தற் கண்ணாடியோடு சேர்த்து எறியலாகாது. இரண்டும் சேர்மானத்தில் வேறுபட்டவை. உள்ளூராட்சிச் சபையின் கழிவு நிலையத்தில் அதற்கெனத் தனியிடம் உண்டு. மருமகன் அதனைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அளவு தவறிய கண்ணாடியும் கூடவே போயிற்று. ஒப்பந்தத் தாளை என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. மற்றைய ஆறு யன்னல்களின் வடிதுளைகளையும் அன்று பிற்பகலே துப்புரவாக்கினோம். அவற்றுள் நான்கு அடைபட்டிருந்தன. இலையுதிர்காலம் முடிந்ததும் ஆண்டுக்கொருமுறை இதைச் செய்தல் போதுமானது.

மாலையில் அடுக்களையிலிருந்து தேங்காய்ப்பூவின் மணம் வந்தது. உள்ளே சென்று பார்த்தேன். நீத்துப்பெட்டி அடுப்பிலிருந்தது. அடுக்களை யன்னலில் ஆவி திரண்டு படிந்திருந்தது. தமக்கையார் சேலைத் தலைப்பால் அதனை ஒருமுறை துடைத்தார். கண்ணாடி தெளிந்தது.